பாக்கியம் பெரியம்மா ஊசி எடுக்காத நாட்கள்

வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் பாக்கியம் பெரியம்மா ஊசி எடுக்கமாட்டாள். சளிக்காய்ச்சலாக இருந்தாலும் சரி, பல் முளைக்கும் குழந்தைக்கு வரும் சூடாக இருந்தாலும் சரி, ஊசி நூல் வைத்திருக்கும் தகரப் பெட்டியை மூடிப் பரண்மேல் தள்ளிவிடுவாள். பாதி தைத்த துணி பாதியிலேயே கிடக்கும். அந்த நாட்களிலும் அவள் கை சும்மா இருக்காது. எலும்பில் செய்த கொக்கி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு லேஸ் பின்னுவாள். எனக்குத் தட்டம்மை போட்டிருந்தபோது அண்ணனின் பள்ளிக்கூடச் சட்டையில் பட்டன் அறுந்துபோனது. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவன் சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனான்.

"ஒரு பட்டன்தானே பெரியம்மா?" என்று அண்ணன் கேட்டான்.

"இருக்கட்டும்டா. நல்லா காத்து வரும்ல?"

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அதனால் இந்தப் பழக்கத்தை வருடக்கணக்காகப் பார்த்து வளர்ந்தேன். கிழவிகளுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும், அதில் இது ஒன்று என்று விட்டுவிட்டேன். காரணத்தைப் பிற்பாடு அம்மா பாதி சொன்னாள். மீதியைக் கிள்ளானில் இருக்கும், பெரியம்மாவின் பழைய பக்கத்து வீட்டுக்காரியான வீரம்மா அத்தை சொன்னாள். இரண்டையும் ஒன்றாக வைத்து இங்கே எழுதுகிறேன். நடுவில் நானாக ஊகித்துக்கொண்ட இடங்கள் உண்டு. பயத்தை மட்டும் நான் கூட்டவில்லை. அது அவர்கள் சொன்னதைவிடக் குறைவாகத்தான் என் எழுத்தில் வந்திருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. பெரியம்மா அப்போது கிள்ளான் ரயில்வே லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடு ஒன்றில், இருந்தாள். கணவர் டொமினிக் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்த புதிதில் பெரியம்மா கன்னியாஸ்திரீகளின் மடத்தில் துணி வெளுக்கப் போனாள். கிழிந்த பீடத் துணிகளைச் சரிசெய்யும் வேலை மெல்ல அவளிடம் வந்தது. பிரெஞ்சுக்காரச் சிஸ்டர் ஒருவர் ஊசித் தையலும் கொக்கிப் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். தையல் மெஷினை அவள் தொட்டதே இல்லை.

அவளுக்கு ஒரே தங்கை, சலேத்தம்மாள். பெரியம்மா கப்பல் ஏறியபோது அது துறைமுகத்தில் யாரோ தூக்கி வைத்திருந்த குழந்தை. அந்தக் குழந்தைக்கு இப்போது இங்கே மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை, பெயர் பேசில். பேசிலின் தாயார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மருமகள் வெள்ளை கவுன் போட்டுக் கோயிலுக்கு வரவேண்டும்; பட்டறைக்கார வீடுகளில் இப்போது அதுதான் வழக்கம்.

"தச்சிடலாம்" என்று பெரியம்மா ஒப்புக்கொண்டாள். ஊரிலிருந்து தங்கையின் பழைய ரவிக்கை ஒன்று அளவுக்காக வந்து சேர்ந்தது. அதை விரித்து வைத்துத்தான் துணியை வெட்டினாள். தங்கை எவ்வளவு உயரம், எப்படி நிற்பாள், எப்படி நடப்பாள் என்று எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த ரவிக்கை.

கல்யாணத்துக்கு நாள் குறுகலாக இருந்தது. விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசு காலம்; பிறகு ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் எல்லார் முன்னும் படிப்பார். பொங்கல் கழிந்து கப்பல் வருவதாக இருந்தது. முதல் ஓலை அதற்கு முன்பே வாசித்தாகிவிட்டது.

கப்பல் வந்த அன்று டொமினிக் பெரியப்பா போர்ட் சுவெட்டன்ஹாம் போனார். இப்போது போர்ட் கிள்ளான் என்கிறோமே, அதுதான். மாலையில் தனியாகத் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எங்கங்க அவ?"

"விடல."

"யாரை விடல? உங்களையா?"

"யாரையுமே. கப்பல்ல ஒரு புள்ளைக்கு அம்மை கண்டிருக்கு. அத்தனை பேரையும் கொரண்டைன் கேம்ப்ல அடைச்சிட்டாங்க. வேலிகிட்டகூட நிக்க விடல, பாக்கியம்."

"சலேத்துக்கு?"

"அவளுக்கு ஒண்ணுமில்லையாம். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரைக் கேட்டுட்டேன். சும்மா அடைச்சு வச்சுப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்."

சும்மா என்ற சொல்லைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வேலையெல்லாம் முடித்துவிட்டு வழக்கம்போல் கவுனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேல்சட்டையின் பக்கங்களை இணைத்து முடித்தாள். கவுனின் கையை வைத்துத் தைக்க ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டு வீரம்மா உள்ளே வந்தாள்.

"என்ன புள்ள பண்ற?"

"தெரியலையாக்கா? கவுனு."

"அது தெரியுது. பொண்ணுக்கு முண்டச்சி சீலை கணக்கா வெள்ளையில தைக்கிறியேன்னு நானே எத்தனை தடவை கேட்டுட்டேன். இப்பக் கேக்கிறது அதில்ல. கையில என்ன?"

"ஊசி."

"ஆத்தா வந்து இறங்கியிருக்கிற நேரத்துல ஊசி புடிப்பியாடி? தாளிக்கவே மாட்டோம், தலை சீவ மாட்டோம். ஊசியால குத்துனா அவளைக் குத்துற மாதிரி."

"எங்க வேதத்துல அதெல்லாம் கிடையாதுக்கா."

"அந்தக் கப்பல்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் நீ எந்த வேதம்னு கேட்டுட்டா ஆத்தா ஏறுவா?"

பெரியம்மா சிரித்துவிட்டாள். வீரம்மா சிரிக்கவில்லை. பாயில் கிடந்த அளவு ரவிக்கையைத் தொடாமல் விரலால் காட்டினாள். "இது அவ போட்டுக் கழட்டினது. இதை வச்சுத்தானே வெட்டியிருக்கே. நீ எங்க குத்துறேன்னு பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் பெரியம்மா தைத்தாள். தைத்தால்தான் தங்கை வெளியே வந்துவிடுவாள் என்ற மாதிரி ஒரு வேகம் இருந்ததாக அவளே பிற்பாடு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மாலையில் பெரியப்பா வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டையைக் கழற்றினார்.

"சலேத்துக்குக் காய்ச்சல். தனிக் கொட்டகைக்கு மாத்திட்டாங்க."

ஊசி அப்போது கவுனின் வலது கைத் தோள்மூட்டில், துணிக்குள் பாதி போயிருந்தது.

அப்படியே மடியிலிருந்து கவுனை இறக்கிப் பாயில் வைத்துவிட்டு அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். ஊசியை இழுத்தால் இன்னொரு குத்து ஆகிவிடுமோ என்று பயம். இழுக்காமல் விட்டால் குத்தியது குத்தியபடியே இருக்கும். பெரியப்பா எடுக்கப் போனபோது, "தொடாதீங்க!" என்று கத்தினாள். லயத்தில் நாலு வீடு கேட்கும்படி கத்தியதாக வீரம்மா அத்தை சொன்னாள். அவள்தான் ஓடி வந்தவள்.

"உருவிடு புள்ள. வந்த வழியாவே உருவு, மெதுவா. அந்தப் பக்கம் தள்ளாத."

"நான்தான்க்கா குத்துனேன். தோள்ல. பக்கத்துல. எல்லா இடத்துலயும் குத்திட்டேன்க்கா."

"வாயை மூடு. உருவு முதல்ல."

பெரியம்மா ஊசியைப் பின்னோக்கி உருவினாள். வீரம்மா அதை மஞ்சள் தண்ணீரில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள். பெட்டியில் இருந்த மற்ற ஊசிகளும் அவளோடு போயின.

இங்கேதான் நான் பலமுறை தடுமாறியிருக்கிறேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மாவிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மை உடம்பில் ஏறிக் காய்ச்சலாக வெளிப்பட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் சலேத்துக்கு, அதாவது என் அம்மாவுக்கு, அது கடலிலேயே தொற்றிவிட்டது, கிள்ளானில் போட்ட தையலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். பெரியம்மா கவனமாகக் கேட்டாள். "அப்படியா? படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வாரமே பெரியப்பாவுக்கு இருமலும் காய்ச்சலும் வந்தன. பெட்டி பரண்மேல் ஏறியது. என் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் துணியில் ஊசியோடு உட்கார்ந்திருந்தது நான் இல்லை.

மறுநாளிலிருந்து கவுன் வேலை நின்றது. விபூதிப் புதனோ நகர்ந்து வந்துகொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் பெரியம்மா கொக்கியை எடுத்தாள். கொக்கியின் முனை மழுங்கல். அது எதையும் குத்தாது, நூலை வளையத்துக்குள் இழுத்து வரும், அவ்வளவுதான். வீரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். வீரம்மா அதன் முனையைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பரவால்ல" என்றாள்.

அதன் பிறகு லேஸ்தான். கழுத்துக்கு என்று ஆரம்பித்தாள். முடிந்தது. மணிக்கட்டுக்குப் பின்னினாள். அதுவும் முடிந்தது. பெரியப்பா தினமும் மாலையில் ரயிலில் வரும் போர்ட்டர்களிடம் கேட்டுச் செய்தி கொண்டுவருவார். முத்து போட்டுவிட்டது என்று ஒரு நாள். கண் திறக்கவில்லை என்று ஒரு நாள். அந்தக் கொட்டகையிலிருந்து இரண்டு பேரைப் புதைக்கக் கொண்டுபோனார்கள், பெயர் தெரியவில்லை என்று ஒரு நாள். ஒவ்வொரு செய்திக்கும் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். லேஸ் மடியிலிருந்து இறங்கித் தரையில் சுருண்டது.

பெயர் தெரியாத அந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்ட மறுநாள் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. பெரியப்பாவிடம் சொல்லாமல் வீரம்மாவைக் கூட்டிக்கொண்டு போர்ட்டுக்கு ரயில் ஏறினாள். முகாமைச் சுற்றி இரண்டு வேலிகள். வெளிவேலிக்கு அப்பால் காவலாளி. உள்வேலிக்கு அப்பால் தூரத்தில், கொட்டகை நிழலில், தேறிக்கொண்டிருக்கும் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலைமுடியை வெட்டியிருந்தார்கள். ஒரே மாதிரிச் சாம்பல் துணி.

"எது உன் தங்கச்சி?" என்று வீரம்மா கேட்டாள்.

பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மடித்துக் கொண்டுபோயிருந்த அளவு ரவிக்கையை வேலிக்கு இப்பால் விரித்துப் பிடித்து, அது எந்தத் தோளுக்குப் பொருந்தும் என்று ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தாள். "சலேத்து!" என்று கூப்பிட்டாள். யாரும் திரும்பவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இன்னொரு முறை கூப்பிட்டபோது ஒரு பெண் கையைத் தூக்கினாள். கூப்பிட்டதற்கா, ஈ ஓட்டுவதற்கா என்று தெரியவில்லை. காவலாளி வந்து விரட்டினான்.

"கையைத் தூக்குனாளேக்கா, அவதானே?"

"அவதான். அவதான் புள்ள. வா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வீரம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

திரும்பி ஸ்டேஷனுக்கு நடக்கும் சடக்கில், சாலையோரமாக, மாரியம்மன் கோயில் ஒன்று. கூரை போட்ட சின்னக் கோயில். வீரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பெரியம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். கழுத்தில் கிடந்த சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாளாம். பிறகு மரத்தடியிலிருந்தே, உள்ளே போகாமல், வாய்விட்டுச் சொன்னாள். வீரம்மா அத்தை எனக்கு அதை அப்படியே சொன்னாள்.

"ஆத்தா, நான் தெரியாம குத்திட்டேன். என் தங்கச்சியை விட்டுடு. உனக்கு என் கையால பாவாடை தச்சுச் சாத்துறேன். வேற யாரு கையும் படாம, என் கையால."

இதுவரை தங்கைக்காக ஒரு பயம். இப்போது தனக்காகவும் ஒன்று சேர்ந்துகொண்டது. வேறு தெய்வத்திடம் நேர்ந்துகொண்ட ஆத்துமம் எங்கே போகும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதக்கா" என்று ரயிலில் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது ஓலை அந்த ஞாயிறு வாசிக்கப்பட்டது. பேசில், சலேத்தம்மாள் என்று சாமியார் படித்தபோது, செத்தவள் பெயரைப் படிக்கிறாரோ என்று பெரியம்மா முக்காட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் செத்திருக்கவில்லை. விபூதிப் புதனுக்கு முந்தைய வாரம் அவளை வெளியே விட்டார்கள். பெரியப்பா மாட்டுவண்டியில் கூட்டி வந்தார். வாசலில் இறங்கியது ஒரு குச்சி. தலையில் குட்டை முடி. முகத்திலும் கைகளிலும் புதுத் தழும்புகள், இன்னும் சிவப்பாக.

"நீதான் அக்காவா?" என்று அம்மா கேட்டாளாம்.

"நீ வேலிகிட்ட கையைத் தூக்குனியா?"

"எப்ப?"

பெரியம்மா அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அம்மாவுக்குச் சூடு தணிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று வீரம்மா வந்து பார்த்துச் சொன்ன பிறகே ஊசிகள் திரும்பி வந்தன. அப்புறம் அந்த ஒரு வாரத்தில் கவுனைப் பெரியம்மா முடித்தாள். அளவு ரவிக்கைக்குப் பொருந்திய உடம்பு இப்போது இல்லை. எல்லாப் பக்கமும் உள்ளே பிடிக்க வேண்டியிருந்தது. தங்கை உடம்பில் போட்டிருக்கும்போது ஒரு தையல்கூடப் போடவில்லை. கழற்றி, எட்டப் போய் உட்கார்ந்து தைத்துக் கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பாள். பின்னி வைத்த லேஸ் முழுவதையும் வைத்துவிட்டாள். கழுத்து, கைகள், இடுப்பு, கீழே மூன்று சுற்று.

"ஏன்க்கா இவ்வளவு லேசு? வலையில மாட்டுன மீனு மாதிரி இருக்கேன்."

"மீனு பேசாது. திரும்பு."

பேசில், அதாவது என் அப்பா, கல்யாணத்துக்கு முன் பெண்ணை ஒருமுறை பார்க்க வந்தார். தழும்பைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை என்ன சொல்வாரோ என்று லயமே காத்திருந்தது. அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே, "பட்டறையில நெருப்பு தெறிச்சு எனக்கும் மூஞ்சி இப்படித்தான்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்தார்.

கல்யாணத்துக்கு முன் வீட்டில் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பெரியம்மா நேர்ந்துகொண்டதைச் சாமியாரிடம் சொன்னாள். வயதான பிரெஞ்சுச் சாமியார், கடுமையானவர் இல்லை. அந்த நேர்ச்சை செல்லாது, அதைச் செலுத்தவும் கூடாது, செலுத்தினால்தான் பாவம், ஜெபமாலை சொல்லிவிட்டு மறந்துவிடு என்றார். அவள் ஜெபமாலை சொன்னாள். விபூதிப் புதனுக்கு முந்தின திங்களன்று அம்மா லேஸ் மூடிய கவுனில் கோயிலுக்குப் போனாள். பெரியம்மா எல்லாரோடும் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கினாள்.

ஆனால் மறக்க முடியவில்லை. கோயில் திருவிழா நெருங்கும் மாதத்தில் வீரம்மா சுவரோரம் வந்து நின்று, "பாக்கியம், இந்த வருசமாவது?" என்று கேட்பாள். தைத்தால் சாமியார் சொன்னதை மீறியதாகும், ஆத்துமமும் போகும். தைக்காவிட்டால் ஆத்தா கேட்பாள். தன்னிடம் கேட்கமாட்டாள், தங்கையிடம் கேட்பாள், இல்லையென்றால் தங்கை பிள்ளைகளிடம். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. நாங்கள்தான் இருந்தோம். எங்களில் ஒருவர் தும்மினால் அவள் முகம் மாறும். "அடுத்த வருசம்க்கா" என்பாள். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மாற்றலாகி வந்ததே அந்தக் கேள்வி கேட்காத தூரத்துக்குப் போகத்தான் என்று வீரம்மா அத்தை நினைக்கிறாள். அது உண்மையா, பெரியப்பாவுக்குக் கிடைத்த மாற்றலா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா போன வருடம் இறந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் வீரம்மா அத்தை கிள்ளானிலிருந்து வந்து பார்த்தாள். சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதலைச் சாமியார் கொடுத்துவிட்டுப் போன பிறகு, பெரியம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

"ஆத்தா கேட்டாளாக்கா?"

"இல்ல புள்ள. கேக்கவே இல்ல" என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அத்தையைப் பார்க்கப் போனபோதுதான் நேர்த்திக்கடன் விஷயம் எனக்கே தெரியவந்தது. தையற்காரரிடம் கொடுத்து நல்ல பட்டில் ஒரு பாவாடை தைத்துச் சாத்திவிடலாமா என்று கேட்டேன். அத்தை தலையை ஆட்டினாள்.

"வேற யாரு கையும் படாமன்னு சொல்லிட்டாளே தம்பி. அவ கைக்கு நீ எங்க போவ?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு இந்த வேண்டுதல் இதுவரை தெரியாது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, தழும்பு இருக்கும் தன் முழங்கையைத் தடவினாள். பிறகு அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். அந்தப் பாவாடை இன்னும் தைக்கப்படவில்லை.